தசரதன் தாத்தா போன வழி

என் தாத்தா இறந்த அன்று ஆரணியில் எங்கள் தெருவிலிருந்த அத்தனை தறிகளும் நின்றுவிட்டன. அதில் பெரிய பெருமை ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் யார் செத்தாலும் பிணம் எடுக்கும்வரை தறி ஓட்டமாட்டார்கள். வாழ்நாள் முழுக்க ஊரை ஏசிக்கொண்டிருந்தவன் செத்தாலும் அதே மரியாதைதான். தாத்தாவுக்குக் கிடைத்தது வேறு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் போளூரில் வக்கீல். சண்டை போடுவதற்குக் கூலி வாங்குகிறவள் என்று முத்துவேல் மாமா சொல்வார். ஆகவே சொல்வதில் கொஞ்சம் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா பெயர் தசரதன். என் அம்மாவின் அப்பா. பட்டுத் தறி நெய்தவர். கண் மங்கித் தறியை விட்டபிறகும் காலையில் தெருமுனையில் ஒரு கறுப்புக் குடையோடு நிற்பார். குடை மழைக்கும் இல்லை, வெயிலுக்கும் இல்லை. வண்டிகளை மறிப்பதற்கு.

புடவையில் நெடுக்காக ஓடும் இழைகளைப் பாவு என்போம். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அந்தப் பாவைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்துக் காயவைக்க வேண்டும். காய்ந்த பிறகுதான் சுருட்டலாம். ஈரமாக இருக்கும்போது சுருட்டினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் அறுந்து போகும். தூசி விழுந்தாலும் அதே கதிதான். இதற்கு வளைவில்லாத நீளமான இடம் வேண்டும். எங்கள் தெரு அப்படிப்பட்ட தெரு. யார் எந்த நாளில் பாவு போடுவது என்று முறை வைத்துக்கொண்டு தலைமுறையாகப் போட்டு வருகிறார்கள்.

எங்கள் தெருவிலிருந்து ஒரு சந்துக்குள் திரும்பினால் காலனி. அங்கிருந்தவர்களுக்கு ஒரு காலத்தில் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. சேவூர்ப் பக்கம் கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பிறகு சிலர் கூலிக்குத் தறியில் உட்கார்ந்து, வேலை பழகி, வீட்டிலேயே தறி போட்டார்கள். தறிக்கு இடம் இருந்தது, பாவுக்குத்தான் இல்லை. காலனிச் சந்து நாலு அடிக்கு ஒரு தரம் வளையும். எங்கள் தெருவில் அவர்கள் பாவு போடக்கூடாது. எங்கேயும் எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதியிருந்தால் நானே கோர்ட்டில் கிழித்திருப்பேன். எழுதாத சட்டத்தை எங்கே போய்க் கிழிப்பது?

ஆகவே அவர்கள் ஏரிக்கரையில் கொண்டுபோய்ப் போடுவார்கள். காற்றடித்தால் சருகும் முள்ளும் ஈரப்பாவில் வந்து அப்பிக்கொள்ளும். அந்த வழியாகச் சைக்கிளில் வந்த தாத்தா ஒருநாள், காலனியைச் சேர்ந்த கன்னியம்மாள் கரையில் உட்கார்ந்து பாவிலிருந்து முள் பொறுக்கிக்கொண்டே அழுவதைப் பார்த்தார். சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு அவரும் உட்கார்ந்து பொறுக்கினார். எழுந்திருக்கும்போது, "நாளைக்கு என் முறைம்மா. நீ வந்து எங்க தெருவுல போடு" என்றாராம்.

மறுநாள் தெரு கூடிவிட்டது. ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள். தாத்தா கன்னியம்மாளின் பாவுக்குக் கட்டை அடித்துக்கொண்டே சொன்னது ஒன்றுதான்: "என் முறைங்க இது. இதுல நான் பாவு போடுவேன், பாய் போட்டுத் தூங்குவேன், யாருக்காச்சும் குடுப்பேன். உங்களுக்கு இன்னா?"

முறையை விட்டுக்கொடுத்ததால் அவர் தறி பாவில்லாமல் நின்றது. அடுத்த முறையையும் கொடுத்தார். வீட்டில் ஆயா, என் பாட்டி, கோபத்தில் வெறும் தட்டை எடுத்து வைத்தாளாம். தாத்தா ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டாராம். அந்தக் காலத்தில்தான் யாரோ ஒரு ஆள் வேண்டுமென்றே மாட்டை அவிழ்த்துக் காலனிப் பாவின் மேல் ஓட்டிவிட்டான். யார் என்று தாத்தாவுக்குத் தெரியும். நான் எத்தனையோ தரம் குறுக்கு விசாரணை செய்தும் கடைசிவரை பெயரைச் சொல்லவில்லை. அன்றைக்குக் குடையை எடுத்துக்கொண்டு தெருமுனையில் போய் நின்றவர்தான். காலனிக்காரர் பாவாக இருந்தாலும் எங்கள் தெருக்காரர் பாவாக இருந்தாலும், காயும்வரை நிற்பார். கொடுத்துக் கொடுத்தே அது வழக்கமாகிவிட்டது. முறையில் காலனிக்கும் இடம் கிடைத்தது. வழக்கம் என்று ஆகிவிட்டால் எங்கள் ஊரில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கெட்ட வழக்கங்களுக்கு இருக்கிற அந்த வசதியைத் தாத்தா நல்லதற்குப் பயன்படுத்திக்கொண்டார்.

ஒருமுறை ஏதோ கட்சிக்காரர் கார் வந்து ஹாரன் அடித்தது. தாத்தா குடையை விரித்து, கண்ணாடியை மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் யாருன்னு தெரியுமா?" என்று அவர் இறங்கி வந்தார். "தெரியாதுங்க. பாவு காய்ஞ்சதும் சொல்லுங்க, கேட்டுக்கிறேன்" என்றார் தாத்தா. அந்த ஆள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் சிரிக்காத ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். தாத்தாவின் மூத்த மகன் முத்துவேல் மாமா. மாமாவின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை காரைத் தாத்தாவே மறித்துவிட்டார். தெருவில் ஈரப்பாவு. கோட்டு சூட்டில் மாமா காருக்குள் வெந்துகொண்டிருக்க, மண்டபத்தில் ஐயர் முகூர்த்தம் போகிறது என்று ஆள் மேல் ஆள் அனுப்ப, தாத்தா பட்டு வேட்டியோடு குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அன்று கிடந்ததும் கன்னியம்மாள் பாவுதான். கடைசி நிமிடத்தில் தாலி கட்டிய மாமா, அதற்குப் பிறகு வந்த எல்லாச் சண்டையிலும் அந்தக் கதையை எடுத்து விரிப்பார். "பெத்த புள்ளய உட அவருக்குப் பாவு ஒசத்தி" என்பார். காலனிக்காரர்களோடு அவர் பேச்சு வைத்துக்கொண்டதே இல்லை.

பாவு மட்டும் இல்லை. யாருக்காவது பிரசவ வலி கண்டு ஆட்டோ கிடைக்கவில்லையென்றால் தாத்தா வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். முதியோர் பணம் வராத கிழவிகளைக் கூட்டிக்கொண்டு ஆபீசில் போய் உட்கார்ந்துகொள்வார். அங்கிருப்பவர்கள் இவரை எழுப்பி அனுப்புவதற்காகவே வேலையை முடித்துக் கொடுப்பார்கள். என் அளவுக்கு வாய் அவருக்கு இல்லை. அவருக்கு உட்காரத் தெரியும், நிற்கத் தெரியும். அதை வைத்தே என்னைவிட நிறைய கேஸ் ஜெயித்திருக்கிறார்.

போன கார்த்திகையில், ஒரு வியாழக்கிழமை சாயந்திரம், காப்பி டம்ளரைக் கையில் பிடித்தபடியே போய்விட்டார். படுக்கையில் விழவில்லை, யாரையும் பேஜார் பண்ணவில்லை. நான் போளூரிலிருந்து வந்து சேர்வதற்குள் மாமா எல்லாவற்றையும் ஆரம்பித்துவிட்டார். ஃப்ரீசர் பாக்ஸ், பேண்டு செட், சந்து முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர். பேனரில் தாத்தா படத்தைவிட மாமா படம் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அழுதுகொண்டே இருந்தவளுக்கு அதைப் பார்த்ததும் எரிச்சல் வந்து அழுகை நின்றுவிட்டது.

அன்று ராத்திரியே காலனியிலிருந்து பாஞ்சாலை வந்தாள். கன்னியம்மாளின் மருமகள். கன்னியம்மாள் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன; இப்போது அந்தத் தறி பாஞ்சாலையுடையது. தாத்தாவின் கால்மாட்டில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதாள். எழுந்ததும் மாமாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அண்ணே, நாளைக்கு என் முறை. நான் போடலண்ணே. ஐயாவ எடுத்தப்புறம் யாராச்சும் முறை குடுத்தா பார்த்துக்கிறேன்."

அது என்ன பாவு என்று எனக்குத் தெரியும். பாஞ்சாலையின் மகள் கலைமகளுக்குத் தையில் கல்யாணம். பாஞ்சாலை நெய்த புடவைகளில் எத்தனையோ பெண்கள் கழுத்தில் தாலி வாங்கியிருக்கிறார்கள்; எல்லாம் முதலாளி கொடுத்த நூல், முதலாளியின் புடவை. முதல் முறையாகச் சொந்தக் காசில் பட்டு வாங்கி, அரக்கு நிறத்தில் சாயம் ஏற்றி, மகளுக்கென்று பாவு ஓட்டியிருந்தாள். தை பிறப்பதற்குள் நெய்து முடிக்க வேண்டும். இந்த முறை போனால் மழைக்காலத்தில் அடுத்தது எப்போது வாய்க்குமோ தெரியாது.

மாமா முகத்தைச் சுளித்தார். ஆனால் தாத்தா உயிரோடு இருக்கும்போதே ஊரறியச் சொல்லி வைத்திருந்தார், என் சாவுக்காக எவனும் பாவை நிறுத்தக்கூடாது என்று.

"எடுக்கறது நாளைக்கு மத்தியானந்தான். பெங்களூர்ல இருந்து ஆளுங்க வரணும். நீ காலைல போட்டு ஜல்தியா சுருட்டிகினு போயிடும்மா. இல்லன்னா இந்த மனுஷன் எழுந்து உக்காந்துகினு கேப்பாரு" என்றார் மாமா.

வெள்ளிக்கிழமை காலையில் கதை மாறியது. மாமா சொல்லியிருந்த பூத்தேர்க்காரன் விடியும்போதே வண்டியைக் கொண்டுவந்து சந்தில் நிறுத்திவிட்டு, மத்தியானம் வேறு ஊரில் ஒரு சாவுக்கு ஒத்துக்கொண்டுவிட்டதாகச் சொன்னான். பூ ஜோடித்த தேர் மாதிரி வண்டி அது. அது இல்லாமல் அப்பாவை அனுப்புவது கௌரவக் குறைச்சல் என்று மாமா நினைத்தார். காலையிலேயே, ராகு காலத்துக்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று முடிவானது. பெங்களூர்க்காரர்களும் வந்துவிட்டார்கள். நேரம் மாறியதைத் தெரு சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். அந்தக் குரூப்பில் காலனிக்காரர் ஒருவரும் இல்லை என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான். ஒரே தெருவில் பாவு போடுகிறோம், ஒரே குரூப்பில் இல்லை.

பாஞ்சாலை, தாத்தாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் பாவில் கை வைப்பேன் என்று காலையில் வந்தாள். அதனால் வழக்கத்தைவிடத் தாமதமாக ஆரம்பித்தாள். வானமும் மூடிக்கொண்டது. கும்பிட வந்தபோதும் நேரம் மாறியதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. மத்தியானம்வரை நேரம் இருக்கிறது என்று அவளும் அவள் கணவன் அய்யனாரும் கலைமகளும் நிதானமாகக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள்.

தாத்தா வீடு தெருவை ஒட்டிய ஒரு குறுக்குச் சந்தில் இருக்கிறது. சந்திலிருந்து தெருவுக்கு வந்து இடது கைப் பக்கம் திரும்பிப் போனால் பஸ் ரோடு, அதைச் சுற்றிக்கொண்டு போனால் சுடுகாடு. வலது கைப் பக்கம் சாக்கடைக்குப் பள்ளம் வெட்டிப்போட்டு மாதக்கணக்காகிறது. நேர் எதிரே காலனிச் சந்து.

பேண்டு செட் முழங்க, வெடி வெடிக்க, பூத்தேர் சந்திலிருந்து தெருவுக்கு வந்து இடது பக்கம் திரும்பியது. திரும்பிய இடத்திலேயே நின்றது. எதிரில், தெரு நெடுக, அரக்கு நிறப் பாவு ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. கஞ்சிச் சட்டியைக் கையில் பிடித்தபடி பாஞ்சாலை எங்களைப் பார்த்தாள். பேண்டு தானாக நின்றுவிட்டது.

"இன்னாம்மா இது? எடுக்கற நேரத்துல?" என்றார் பங்காளி ஒருவர்.

"மத்தியானம்னு சொன்னாங்களேண்ணே" என்றாள் பாஞ்சாலை.

ஓரமாகப் போகலாமா என்று ஒருவர் பார்த்தார். இரண்டு பக்கமும் கட்டையும் கயிறுமாக இழுத்துக் கட்டியிருந்தது. தனி ஆள் ஒருக்களித்துப் போகலாம், தேர் போகாது. தேரை விட்டுத் தோளில் தூக்கினாலும் இத்தனை கூட்டம், இறைக்கிற பூவும் பொரியும், கிளம்புகிற புழுதியும் ஈரப்பாவில்தான் விழும். காயும்வரை நிற்கலாம் என்று நான் சொன்னேன். "மேகம் போட்டிருக்கு, எப்போ காயும்? ராகு காலம் வந்துடும்டி. செத்தவருக்கு ஆகுமா, இருக்கறவங்களுக்கு ஆகுமா?" என்று அம்மாவே என்னை அடக்கினாள்.

மாமா கொள்ளிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு தேருக்கு முன்னால் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கல்யாணக் கதை முழுக்க அதில் திரும்ப ஓடுகிற மாதிரி எனக்குத் தோன்றியது. இவர் பாவை எடுக்கச் சொல்லப்போகிறார், நான் இவரோடு நடுத்தெருவில், தாத்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சண்டை போடப்போகிறேன் என்று தயாராகிவிட்டேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

அதற்குள் பாஞ்சாலை கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள். மடியிலிருந்து கத்தரியை எடுத்தாள். கட்டையோடு பாவு சேரும் இடத்துக்குப் போனாள்.

"பாவு இன்னாங்க பாவு. எங்களுக்கு இந்தத் தெருவையே வாங்கிக் குடுத்தவரு. அவரு போறதுக்கு என் பாவு குறுக்க நிக்கறதா? அறுத்து இழுத்துடறேன், நீங்க போங்க. ஏ கலை, அந்தப் பக்கம் புடிடி."

கலைமகள் தன் கல்யாணப் புடவையின் மறுமுனைக்கு நடந்தாள். அய்யனார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் பாய்ந்து பாஞ்சாலையின் கையைப் பிடித்தேன். அவள் உதறினாள். நெசவுக்காரி கை, எனக்கு அடங்கவில்லை.

"ஏம்மா! கத்திரிய கீழ போடு!"

அது மாமாவின் குரல். தெரு முழுக்கக் கேட்டது.

"என் கல்யாணத்துக்கே வழி உடாத ஆளு அவரு. அவரு சாவுக்கு உன் பாவ அறுத்துட்டு நான் கொண்டு போனேன்னு வெச்சுக்கோ, மேல போனதும் என்னை நிக்க வெச்சு அறைவாரு. வாணாம்மா. வண்டியத் திருப்புங்கடா!"

"எங்க முத்து திருப்பறது? அந்தப் பக்கம் பள்ளம்" என்றார் பங்காளி.

மாமா கொள்ளிச் சட்டியோடு நேர் எதிரே கையைக் காட்டினார். "காலனி வழியா."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, ஆகவே சொல்கிறேன். காலனிச் சாவு எங்கள் தெருவழியாகப் போகாது. எங்கள் சாவு காலனி வழியாகப் போகாது. தாத்தா பாவுக்கு வழி வாங்கிக் கொடுத்தாரே தவிர, இந்த விஷயத்தில் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டு பேருடைய சுடுகாடும் வாய்க்காலைத் தாண்டிப் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நடுவில் ஒரு வேலி. காலனிச் சந்து வளைந்து வளைந்து அங்கேதான் போய்ச் சேரும். ஆனாலும் எங்கள் பிணங்கள் பஸ் ரோடு சுற்றித்தான் போகும்.

"முத்து, யோசிச்சுப் பேசு. ஊர்ல இன்னா சொல்வாங்க?" என்றார் பங்காளி.

"யோசிச்சிட்டுத்தான் சொல்றேன். ராகு காலம் வருது, எறக்குங்க."

பூத்தேர் அந்தச் சந்துக்குள் நுழையாது. அதன் உள்ளே இருந்த மூங்கில் பாடையை அப்படியே வெளியே எடுத்துத் தோளில் தூக்க வேண்டும் என்றார்கள். அந்த நேரம் பார்த்து ஒருவருக்கு முட்டி வலி வந்தது. இன்னொருவருக்கு அவசரப் போன் வந்தது. பங்காளி, மாத்திரை போடவில்லை என்று சொல்லிக்கொண்டு வீட்டுப் பக்கம் போனார். பாடைக்கு ஒரு பக்கம் தோள் குறைந்தது. அவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் நான் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். என்னிடம் கேஸுக்கு வந்தால் பேசிக்கொள்கிறேன்.

மாமா சுற்றிலும் பார்த்தார். அய்யனார் பாவுக்குப் பக்கத்தில் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். கிட்டே வரவும் இல்லை, விலகவும் இல்லை. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவ்வளவு வருஷத்தில் மாமா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"அய்யனாரு, வாப்பா. எங்கப்பாவுக்குத் தோள் குடு."

அய்யனார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால், கேள்விப்பட்டுச் சந்து முனையில் கூடியிருந்த காலனி ஆட்கள் வந்தார்கள். கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பாடை தரையைவிட்டு எழுந்த வேகத்தில் அது எவ்வளவு லேசானது என்று நினைத்தேன்.

பெண்கள் சந்து முனையோடு நின்றுவிட வேண்டும் என்பது எங்கள் பழக்கம். நான் நிற்கவில்லை. ஒரு வழக்கம் உடைந்த நாளில் இன்னொன்றையும் சேர்த்து உடைத்தால் செலவு ஒன்றுதான். என்னைத் திட்டிக்கொண்டே அம்மாவும் பின்னால் வந்தாள்.

காலனிச் சந்தில் யாரும் எங்களை எதிர்பார்த்திருக்கவில்லை. பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே எழுந்தார்கள். பேச்சுச் சத்தம் ஒவ்வொரு வீடாக அடங்கிக்கொண்டே வந்தது. யாரோ ஒரு பெண் உள்ளே ஓடிப்போய்க் குடத்தைத் தூக்கி வந்து பாடை வரும் வழியில் தண்ணீர் ஊற்றினாள். அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரியும், அதற்கடுத்தவளும் ஊற்றினார்கள். புழுதிச் சந்து முழுக்க நனைந்துவிட்டது. அவர் மடியில் வளர்ந்தவர்கள் மாதிரி அழுதார்கள். பெரியாஸ்பத்திரியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தாரே என்று ஒருத்தி சொல்லி அழுதாள். என் பையனை ஸ்கூலில் சேர்க்க அவர்தானே வந்தார் என்று இன்னொருத்தி. எனக்கே தெரியாத தாத்தா அங்கே வீட்டுக்கு வீடு இருந்தார். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது. இவர் என் தாத்தா என்று அங்கிருந்த சின்னக் குழந்தையைக்கூடப் பிடித்து நிறுத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

வளைவில் மாமா நின்றார். பாதி வழியில் பாடையை ஒரு தரம் கீழே இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றிவிட்டுத்தான் மறுபடி தூக்க வேண்டும். எங்கள் வழியில் பஸ் ரோட்டோரம் அதற்கென்று ஒரு கல் மேடை கட்டி வைத்திருக்கிறோம். இங்கே இரண்டு பக்கமும் வீடுகள், வாசலோடு வாசல். காலனிக்காரர்கள் தங்கள் சாவை வாய்க்காலுக்கு முன்னால் இறக்குவார்களாம். அந்த இடத்தில் மழைத் தண்ணீர் முழங்கால் அளவு தேங்கிக் கிடப்பதாக முன்னால் போனவர்கள் வந்து சொன்னார்கள். யார் வீட்டு வாசலில் இறக்குவது? பிணம் இறங்கிய வாசலில் நல்ல காரியம் நடக்காது என்று எங்கள் பக்கம் எல்லோரும் நம்புகிறார்கள், காலனியிலும்தான். சாவு வீட்டுக்கு வந்துபோன செருப்பையே வாசலுக்கு வெளியே விடுகிறவர்கள். மாமா யாரையும் கேட்க வாயெழாமல் கொள்ளிச் சட்டியின் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"எங்க வாசல்ல எறக்குங்க."

கலைமகள். பாவைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கூட்டத்தோடு ஓடி வந்திருக்கிறாள். எங்களைத் தாண்டிக்கொண்டு போய், தன் வீட்டு வாசலில் கிடந்த சைக்கிளைத் தள்ளி இடம் பண்ணினாள். பந்தல்கால் நட வேண்டிய வாசல் அது.

"வாணாம்மா. கல்யாணம் வெச்சிருக்கற வூடு" என்றார் மாமா.

"அதனாலதான் மாமா சொல்றேன். எங்க ஆயாவுக்கு வழி உட்டவரு. என் கல்யாணத்துக்கு வந்து ஆசீர்வாதம் பண்றேன்னு சொல்லியிருந்தாரு. இப்போவே வந்துட்டுப் போட்டும்."

அய்யனார் தோளில் பாடையோடு நின்றார். மகளைப் பார்த்தார். வாசலைப் பார்த்துத் தானே முதல் எட்டு வைத்தார். வாசலில் துண்டை விரித்தார்கள். தாத்தாவை இறக்கினார்கள். கலைமகள் அவர் காலடியில் விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

திசை மாற்றித் தூக்கினார்கள். இரண்டு எட்டு வைப்பதற்குள் அடுத்த வீட்டு உண்ணாமலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வழியை மறித்தாள்.

"ஏன், எங்க வாசல் இன்னா பாவம் பண்ணுச்சு? அவ வூட்டுக்கு மட்டுந்தான் வந்தாரா பெரியவரு? என் ரெண்டு புள்ளைங்களும் பொறந்ததே அவரு கூட்டிகினு போன ஆட்டோவுல. எறக்குங்க இங்க."

"எங்க வூட்ல எறக்காம போயிடுவீங்களா?" என்று எதிர் வாசலிலிருந்து ஒரு குரல். "நாங்க மட்டும் இன்னா?" என்று அதற்கு அப்பாலிருந்து இன்னொன்று. பிணம் தங்கள் வாசலில் இறங்க வேண்டும் என்று மனிதர்கள் சண்டை போட்டதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எத்தனையோ வழக்குகளில் எத்தனையோ உரிமைகளைக் கேட்டு நின்றிருக்கிறேன். இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை.

"ஒரு தரந்தான் எறக்கணும், அதான் சாஸ்திரம்" என்று எங்களோடு வந்திருந்த பெரியவர் ஒருவர் முனகினார். "ராகு காலம் வேற" என்றார்.

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அந்தச் சந்தைப் பார்த்தார். ஒவ்வொரு வாசலையும் யாரோ அவசரமாகக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் பாயே விரித்துவிட்டார்கள். மாமாவின் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

"எல்லார் வாசல்லயும் எறக்குங்க" என்றார். "நெதானமா எறக்குங்க. எங்கப்பா எல்லாரையும் பார்த்துட்டே போட்டும்."

உண்ணாமலை வாசலில் இறக்கினார்கள். எதிர் வாசலில் இறக்கினார்கள். அதற்கடுத்த வாசலிலும், வாடகைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்கள் வாசலிலும் இறக்கினார்கள். ராகு காலம் வந்ததா, போனதா, எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. அந்தச் சந்து முடியும்வரை, ஒரு வாசல் பாக்கியில்லாமல், என் தாத்தா இறங்கி இறங்கித்தான் போனார்.